பச்சோந்திக்குப் போட்ட பல்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயில் நாளில், திருவண்ணாமலையில், ஒரு பச்சோந்திக்குக் குளிருமே என்று குண்டு பல்பு போட்டு வைத்த ஆள் நான். சாமியே நெருப்பாக நின்ற ஊர் அது. சித்திரை பிறந்தால் மலை தோசைக்கல் மாதிரி காயும். மத்தியானம் செருப்பில்லாமல் தெருவைக் கடக்கிறவன் எதிர்ப்பக்கம் போய்ச் சேருவதற்குள் பாதி பரதநாட்டியம் கற்றிருப்பான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு உயிருக்குச் சூடு போதவில்லையே என்று கவலைப்பட்டவனை என்னவென்று சொல்வீர்கள்? என் மனைவி ஒரு வார்த்தை சொல்வாள். அதை இங்கே எழுத முடியாது.

என் வயதுக்காரர்கள், அதாவது முட்டி தேய ஆரம்பித்து, மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டிக்கொள்ளும் வயதுக்காரர்கள், ஆளுக்கொரு பிராணியை வளர்த்திருப்பீர்கள். தீப்பெட்டியில் பொன்வண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் மீன்குஞ்சு. நான் கொஞ்சம் மேல்படிப்பு படித்து ஊர்வனவற்றுக்குப் போனேன். இப்போது பச்சோந்தியைப் பிடித்துக் கூண்டில் வைத்தால் வனத்துறை வந்து உங்களைக் கூண்டில் வைக்கும். அப்போதும் சட்டம் அப்படித்தான் இருந்ததாம். எங்கள் தெருவுக்கு வந்து யாரும் சொல்லவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் முருங்கை மரத்தில் ஏற வேண்டாம்.

ஊர் தனி மாவட்டத்துக்குத் தலைநகரான புதிது. அலுவலகங்கள் புதிது புதிதாக முளைத்தன. அவற்றில் ஒன்றுக்கு அப்பா வேலூரிலிருந்து குமாஸ்தாவாக மாற்றலாகி வந்தார். தேரடித் தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. முன்பகுதியில் ஹவுஸ் ஓனரம்மா, பின்பகுதியில் நாங்கள், நடுவே நீளமாக ஒரு நடை. ஓனரம்மா மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். தனியாக என்றா சொன்னேன்? அவரும் அவருடைய குரலும் இருந்தார்கள்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை. புது ஊரில் கூட்டாளி என்று ஒரு பயலும் கிடையாது. தெருவில் கோலி ஆடிய பையன்களிடம் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். "வேலூரு, நீ ஓரமா நின்னு பாரு" என்றார்கள். பார்த்தேன். நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். ஓரமாக நிற்பதையும் அப்படித்தான் செய்தேன்.

அப்படி நின்று அலுத்துக் கொல்லைப் பக்கம் போன ஒரு காலையில்தான் முருங்கையில் ஒரு கிளை நடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கிளை இல்லை, பச்சோந்தி. ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, யோசித்து, வேண்டாமென்று திரும்ப வைத்து, மறுபடி தூக்கியது. ஒரு குச்சியை நீட்டினேன். அது குச்சிக்கு மாறி வந்து சேர்வதற்குள் தெருவில் ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

"கையில இன்னாடா?" என்றாள் அம்மா.

"குச்சிம்மா."

"குச்சிக்கு எதுக்குடா வாலு?"

கேட்டுவிட்டு அம்மா ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டாள். அப்பா வரும்வரை அங்கிருந்தபடியேதான் என்னைத் திட்டினாள்.

அப்பா வந்தால் முதுகில் விழும் என்று நினைத்தேன். அப்பாவோ சட்டையைக் கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தார். "அரசாங்க ஃபைல் மாதிரியே நகருதுடா" என்றார். பிறகு உள்ளே போய், பரண்மேல் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

எதிர்மாடியில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஊர் திரும்பும்போது தன் சாமான்களைத் தெருவுக்குத் தானம் செய்துவிட்டுப் போயிருந்தார். ஸ்டவ், பக்கெட், நாற்காலி எல்லாம் கெட்டிக்காரர்கள் கைக்குப் போயின. எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிழிந்த கொசுவலையும் ஒரு படப் புத்தகமும். பல்லி, ஆமை, பச்சோந்தி வகையறாக்களை வீட்டில் வளர்ப்பது எப்படி என்று இங்கிலீஷில் சொல்லும் புத்தகம். அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. தமிழில் அச்சடித்தால் அது அபிப்பிராயம், இங்கிலீஷில் அச்சடித்தால் உண்மை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். "'கோல்டு பிளட்'னு போட்டுருக்கான்டா. ரத்தமே ஜில்லுனு இருக்குமாம். பாவம். பெட்டிக்குள்ள பல்பு போட்டு சூடு காட்டணுமாம்."

"வெயிலே ஜாஸ்தியா இருக்குதேப்பா?"

"வெயிலு வேற, பல்பு வேற. இவ்ளோ பெரிய புக்கு எழுதினவன் முட்டாளா?"

பக்கத்தில் படமும் இருந்தது. கம்பளிச் சட்டை போட்ட ஒரு பையன், அவன் முன்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பல்பு, பல்புக்கு அடியில் ஒரு பெரிய பல்லி மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சுகமாகப் படுத்திருந்தது. பையனுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. அந்தப் படத்தை நானும் அப்பாவும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பல்லியைப் பார்த்தோம், பல்பைப் பார்த்தோம். "சட்டை நல்லாருக்குது" என்று அப்பா அந்தப் பையனின் சட்டையைக்கூடப் பார்த்தார். பனியை மட்டும் இருவரும் பார்க்கவில்லை.

கூண்டு கட்டினோம். காய்கறி மார்க்கெட்டில் தூக்கிப் போட்ட தக்காளிப் பெட்டிதான் உடம்பு. மூன்று பக்கமும் பழைய சாமி படங்களின் கண்ணாடி. மேலே வெள்ளைக்கார அம்மாவின் கொசுவலை. வார் அறுந்த ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு, ஆணி அடித்துக் கதவுக்குக் கீல் வைத்தோம். அந்தக் கீல் கிறீச்சிடாது, துருப்பிடிக்காது. இன்றைக்கும் என் வீட்டுக் கதவுகளைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் செருப்புக் கீலை நினைத்துக்கொள்கிறேன். ஆணி அடிக்கும்போது அப்பா தன் கட்டைவிரலையும் இரண்டு தடவை சேர்த்து அடித்துக்கொண்டார். அப்போது அவர் சொன்னது எந்த மொழியிலும் அச்சாகாது.

கண்ணாடியில் குங்குமப் பொட்டுகள் இருந்தன. துடைக்கப் போனேன். "சாமிக்கு வெச்ச பொட்டுடா, அழிக்காத" என்று அம்மா ஆட்டுக்கல்லிலிருந்து உத்தரவு போட்டாள். ஆகவே பச்சோந்தி சில கோணங்களில் நெற்றியில் பொட்டுடன் காட்சி தந்தது.

பேக்லைட் ஹோல்டரில் நாற்பது வாட் பல்பை மாட்டி அப்பா சுவிட்சைப் போட்டார். கூண்டு முழுக்க மஞ்சள் வெளிச்சம். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். மாற்றலாகி வந்ததிலிருந்து அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவருக்கும் அந்த ஊரில் கூட்டாளி கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் ஓரமாக நிற்பது நமக்கு எங்கே தெரிகிறது?

சாப்பாட்டுக்கு வெட்டுக்கிளி பிடித்துத் தீப்பெட்டியில் கொண்டுவந்தேன். பவுடர் டப்பா மூடியில் தண்ணீர் வைத்தேன். பச்சோந்தி வெட்டுக்கிளியைத் தொடவில்லை, தண்ணீர்ப் பக்கம் திரும்பவுமில்லை. மூடியைக் கிட்டே தள்ளினேன். இன்னும் கிட்டே தள்ளினேன். மூக்கிலேயே இடித்தேன். மாப்பிள்ளை முறுக்கில் நகர்ந்துகொண்டது.

நாளாக ஆக அதன் பச்சை மங்கி அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்தது. தோல் பாகற்காய் வற்றல் மாதிரி சுருங்கியது. கண் இரண்டும் குழிக்குள் போயின. அப்பா புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "சூடு பத்தலடா" என்று நாற்பதைக் கழற்றி அறுபதை மாட்டினார். மத்தியானங்களில் கரண்ட் போகும். தெருவே விசிறியைத் தேடும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஜீவன் மட்டும் அப்போது கொஞ்சம் தலை தூக்கும். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. படித்த குடும்பம்.

அது செத்துப்போகும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. விட்டுவிடலாம் என்று ஒரு மனது சொல்லும். விட்டுவிட்டால் மறுபடி தெரு ஓரம்தான். அப்பாவும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "குடிச்சுடு, குடிச்சுடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஓனரம்மாவுக்கு இத்தனை நாளும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. கூண்டின்மேல் ஒரு துண்டைப் போட்டு, "பையனோட சயின்ஸ் வேலை" என்று அப்பா சமாளித்திருந்தார். ஆனால் ஓனரம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலைக் கொத்தால் முன்வாசலிலிருந்து கொல்லைவரை தெளித்துக்கொண்டே வருவார். வாய் ஏதோ முணுமுணுக்கும். அந்த வெள்ளிக்கிழமை, நடையின் கோடியில் துண்டு நழுவிக் கிடந்தது.

"ஐயய்யோ! இன்னாம்மா இது, வூட்ல பச்சோந்தி?"

அம்மா ஓடி வந்தாள். அப்பா துண்டோடு ஓடி வந்தார். "சயின்ஸ்…" என்று ஆரம்பித்தார்.

"சயின்ஸாவது கியின்ஸாவது! நேரத்துக்கு ஒரு நெறம் மாறுற ஜென்மம் சார் அது. இருக்கற வூட்ல சொன்ன சொல்லு நிக்குமா?" என்று சொல்லிக்கொண்டே கொத்தைச் சொம்பில் நன்றாக முக்கி, பேயை விரட்டுகிற வேகத்தில் கூண்டின்மேல் ஒரு வீசு வீசினார்.

தண்ணீர் கொசுவலை வழியாக உள்ளே இறங்கி, காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த அறுபது வாட் பல்பின்மேல் விழுந்தது.

டமார்.

அம்மா எங்கே போனாள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆட்டுக்கல் அங்கேயேதான் இருந்தது. அப்பா மெயின் சுவிட்சுக்குப் பாய்ந்தார். ஓனரம்மா சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, "வெடிச்சுடுச்சே சார், அது வெடிச்சுடுச்சே" என்றார். பச்சோந்திதான் வெடித்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

நான் கூண்டுக்குள் பார்த்தேன். கண்ணாடிச் சில்லுகள் ஒரு மூலையில் கிடந்தன. மறுமூலையில், நான் செருகி வைத்திருந்த முருங்கைக் கிளையில், இலைக்கு இலை மஞ்சள் துளிகள் தொங்கின. பச்சோந்தி மெதுவாகத் தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது. ஒரு துளியை நக்கியது. அடுத்த இலைக்குப் போனது. நக்கியது.

"குடிக்குதுப்பா!" என்று கத்தினேன். "அப்பா, குடிக்குது!"

நால்வரும் நடையில் நின்று பார்த்தோம். அம்மா மட்டும் சற்று உயரத்திலிருந்து பார்த்தாள்.

அப்பா கையில் புதுப் பல்பு இருந்தது. புத்தகத்தை மறுபடி திறந்தார். படத்தைப் பார்த்தார், பச்சோந்தியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "டேய், ஜன்னலுக்கு அப்பால இன்னாடா வெள்ளையா?"

"பனிப்பா."

கழுத்து வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். "அந்த ஊர்ல அப்படி. போய்ச் சுத்தியல எடுத்துனு வா" என்றார். அன்றைக்கே மூன்று பக்கக் கண்ணாடியும் கழன்றது, சுற்றிலும் கொசுவலை வந்தது. காற்று உள்ளே போய் வெளியே வந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். என் புத்தி இருக்கிறதே, அது முடிய விடவில்லை. மறுநாள் நானே ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அதன் தலையில் ஊற்றினேன். கறுத்து, உப்பி, புஸ்ஸென்று சீறியது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. உடனே எனக்கு விளங்கிவிட்டது: இது மஞ்சள் தண்ணீர்தான் குடிக்கும், அதுவும் ஓனரம்மா மந்திரம் சொல்லித் தெளித்தால்தான் குடிக்கும். பக்தியுள்ள பச்சோந்தி. பிறந்த ஊர் அப்படி.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் என்ன செய்வது? ஓனரம்மா கோயிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கூண்டைத் தூக்கி அவர் வழியில் வைத்துவிடுவேன். "காலங்காத்தால இது மூஞ்சிலயா முழிக்கணும்!" என்று சொம்பு வரும், வேப்பிலை வரும், வீச்சு வரும். பச்சோந்தி தாகம் தீரக் குடிக்கும். நாளுக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். நடை பெருக்குகிறேன் என்பேன், வெயில் காட்டுகிறேன் என்பேன். அவர் திட்டத் திட்ட அது பச்சையானது. வெட்டுக்கிளியும் தின்றது. பல்பு வெடித்த செய்தி தெருவுக்குப் போய், கோலிப் பையன்கள் கூண்டைப் பார்க்க வரிசையில் வந்தார்கள். "வேலூரு, நாக்கு எவ்ளோ நீளம்டா!" என்றார்கள். நான் அவர்களை ஓரமாக நின்று பார்க்கச் சொன்னேன். பிறகு மனமிரங்கி, வெட்டுக்கிளி பிடித்துத் தரும் வேலையில் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஓனரம்மா மகள் வீட்டுக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கூண்டில் மறுபடி சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. கண் மறுபடி உள்ளே போகத் தொடங்கியது.

வேறு வழியில்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் எடுத்துக் கரைத்தேன். வேப்பிலை ஒடித்தேன். அப்பாவின் துண்டைச் சேலைத் தலைப்பு மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன். எல்லாம் சரி, மந்திரம்? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பதினாறாம் வாய்ப்பாடு ஒன்றுதான். அதை முணுமுணுத்துக்கொண்டே ஓனரம்மா மாதிரி வீசினேன். துளிகள் இலையில் தொங்கின. ஐப்பதினாறு எண்பதுக்கு வரும்போது பச்சோந்தி வாயைத் திறந்தது.

"வாய்ப்பாடு சொன்னா தண்ணி குடிக்குதா அது?" என்றாள் பின்னாலிருந்து அம்மா. அவள் தரையில் நின்றிருந்தாள். "பரீட்சையில மட்டும் உனக்கு ஏன்டா அது வரல?"

அன்றிலிருந்து மஞ்சளை விட்டேன், பிறகு வாய்ப்பாட்டையும் விட்டேன். வெறும் தண்ணீர்த் துளிக்கே குடித்தது. அதற்குத் துளிதான் தண்ணீர், மூடியில் தேங்கியிருப்பது ஏதோ பளபளக்கும் தரை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட கர்வம், பின்னாளில் உத்தியோக உயர்வு வந்தபோதுகூட ஏற்படவில்லை.

ஓனரம்மா திரும்பி வந்த அன்று நேராகக் கொல்லைக்குத்தான் வந்தார். கையில் துணி கட்டிய தூக்குவாளி. உள்ளே ஏதோ டிக் டிக்கென்று முட்டியது.

"இருக்குதா, போயிடுச்சா?" என்றார்.

"இருக்குது ஓனரம்மா."

தூக்கை நீட்டினார். "மல்லாட்டக் கொல்லையில வெட்டுக்கிளி கம்மியா கெடக்குது? பேரன் புடிச்சான். வழியில கொட்டறதுக்கு எடம் கெடைக்கல, அதான் எடுத்தாந்தேன்."

கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து எங்கள் ஊர்வரை வழி நெடுகக் கொட்டுவதற்கு இடம்தான். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெட்டுக்கிளிகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தேன்.

கோடை மழை ஒன்று பெய்தது. அதற்குப் பிறகு பச்சோந்தி பச்சைப்பசேலென்று ஆனது. நாள் முழுக்க வலையில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. மேலே முட்டும், கீழே வரும், மறுபடி ஏறும். ஒரு நாள் கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கு நுனி தேய்ந்து சிவந்திருந்தது.

"இன்னும் பெரிசா கட்டலாம்டா" என்றார் அப்பா. பெட்டி அடிக்கிற கடையில் பலகைக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார். ஆபீஸில் யாரோ ஒருவர் பச்சோந்தி கதையைக் கேட்டு வீட்டுக்கு வந்து, அப்பாவோடு காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். பச்சோந்தி போனாலும் அந்தக் காபி நிற்காது என்று எனக்கு ஏனோ தோன்றியது.

"வேணாம்பா. மூக்கு தேஞ்சுடுச்சு" என்றேன்.

அப்பா குனிந்து பார்த்தார். என் தலையில் கையை வைத்து ஒருமுறை ஆட்டினார்.

எங்கே விடுவது? முருங்கையில் விட்டால் தெருப்பூனைகள் இருக்கின்றன. ஓனரம்மாதான் சொன்னார். "பௌர்ணமிக்கு மலை சுத்தப் போறேன். அடி அண்ணாமலை தாண்டுனா மரம் ஜாஸ்தி. தூக்கினு வா." கிளம்பும்போது அம்மா கூண்டருகே வந்து, "காக்கா கண்ணுல படாத எடமா பாத்து வுடு" என்றாள்.

கூட்டம் சேர்வதற்கு முன்னால் விடியற்காலையிலேயே நடந்தோம். ஓனரம்மா முன்னால் விறுவிறுவென்று போனார். நான் கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வலை மூடிய பெட்டி, வெறுங்கால், முன்னால் மஞ்சள் பூசிய ஒரு அம்மா. எதிரே வந்த பெரியவர் ஒருவர் என்ன சாமியோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நடந்துனே இரு, நிக்காத" என்றார் ஓனரம்மா, திரும்பாமலே.

அடி அண்ணாமலையைத் தாண்டி, பாதையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புங்கமரம். கூண்டை அடிமரத்தோடு சாய்த்துக் கதவைத் திறந்தேன். பச்சோந்தி ஒரு காலைத் தூக்கியது, ஆடியது, யோசித்தது. மலை சுற்றுகிறவர்கள் அரோகரா போட்டுக்கொண்டு பாதையில் போய்க்கொண்டே இருந்தார்கள். என்னை விரட்டி விரட்டி அழைத்து வந்த ஓனரம்மா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். அவசரப்படுத்தவே இல்லை.

ஒருவழியாகக் கதவைத் தாண்டியது. மரத்தைப் பற்றியது. ஏறியது. இளம் இலைகளுக்குள் போய், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையின் நிறத்துக்கு வந்தது. பாதி காணாமல் போன பிறகு நின்றது. ஒரு கண் உருண்டு மேலே கிளையைப் பார்த்தது. மற்றக் கண் தனியாக உருண்டு பின்பக்கம், கீழே, நான் நின்ற இடத்துக்கு வந்து நின்றது.

"ஓனரம்மா, இங்க பாருங்களேன்! போக மனசில்லாம என்னையே பாக்குது!"

அவர் எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு கண்ணுதான். நட."